கூரியரில் பெரிய பார்சல் அனுப்ப அளவு வரம்பு உண்டா? எடை குறைவு, பெட்டி மட்டும்தான் பெரிது.

உண்டு. ஆனால் உங்களுக்குச் சிக்கல் வரப்போவது அந்த வரம்பால் இல்லை என்று நினைக்கிறேன். ‘எடை குறைவு’ என்று நீங்கள் எழுதியிருப்பதைப் பார்த்ததும் பதில் எழுதாமல் இருக்க முடியவில்லை. இதே நம்பிக்கையோடு ஒரு பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனவன் நான்.

எங்கள் ஊர் பென்னாகரம் பக்கம். அப்பா தெருக்கூத்துக்குக் கிரீடம், தோளில் கட்டும் புஜகீர்த்தி, மார்புப் பதக்கம் எல்லாம் செய்கிறவர். கல்யாண முருங்கை மரத்தில் செதுக்கி, வண்ணத்தாளும் கண்ணாடிச் சில்லும் ஒட்டுவார். விடிய விடியத் தலையில் வைத்து ஆட வேண்டும் என்பதால் அந்த மரத்தை எடுப்பது. பார்க்கப் பெரிதாக இருக்கும், தூக்கினால் கனமே தெரியாது. டெல்லியில் நாடகம் படிக்கும் பிள்ளைகள் சிலர் ஒரு செட் கேட்டார்கள். அப்பா இருபது நாள் உட்கார்ந்து செய்தார்.

உடையக் கூடாது என்று தர்மபுரியில் ஒரு கடையில் பெரிய அட்டைப்பெட்டி வாங்கி வைத்துக் கட்டினேன். 75 செ.மீ. நீளம், 60 அகலம், 60 உயரம். கவுண்டரில் தராசில் வைத்தார்கள், 7 கிலோ. அதற்கே பில் போட்டு வாங்கிக்கொண்டார்கள். டேப் வைத்து யாரும் அளக்கவில்லை.

இரண்டு நாள் கழித்து போன். “உங்க பார்சல் 54 கிலோ வருது, மீதிப் பணம் கட்டுங்க, இல்லன்னா ரிட்டர்ன்.” வேறு யாருடைய பார்சலோ என்றுதான் முதலில் நினைத்தேன்.

கணக்கு இதுதான். நீளம், அகலம், உயரம் மூன்றையும் செ.மீ.யில் பெருக்கி 5000-ஆல் வகுக்க வேண்டும். 75 × 60 × 60 = 2,70,000. வகுத்தால் 54. இதற்குக் கன அளவு எடை என்று பெயர். தராசு எடை, இந்த எடை இரண்டில் எது அதிகமோ அதற்குத்தான் கட்டணம். சில நிறுவனங்கள் தரைவழிக்கு 4500, 4000 என்று வகுப்பார்கள். அந்த எண் குறையக் குறையக் கட்டணம் ஏறும்.

வரம்பு என்பது தனி. பெட்டியின் அகலத்தையும் உயரத்தையும் கூட்டி இரண்டால் பெருக்கினால் சுற்றளவு. அதோடு நீளத்தையும் சேர்த்துப் பார்ப்பார்கள். ஃபெடெக்ஸின் எக்ஸ்பிரஸ் சேவையில் ஒரு பெட்டிக்குப் பொதுவாக 274 செ.மீ. நீளம், சுற்றளவும் நீளமும் சேர்த்து 330 செ.மீ., எடை 68 கிலோ வரை. என் பெட்டி இந்தக் கணக்கில் 315 செ.மீ. தாராளமாக உள்ளே வரும். வரம்புக்குள் இருந்தும் 7 கிலோ மரத்துக்கு 54 கிலோவுக்குப் பணம் கட்ட வேண்டி வந்தது.

கட்டினேன். அப்பாவின் கூலியில் பாதிக்கு மேல் அதிலேயே போனது. பெட்டிக்குள் இடம் அதிகமாக இருந்ததால் கிரீடம் சாய்ந்து, கண்ணாடிச் சில்லும் உதிர்ந்துபோய்ச் சேர்ந்தது.

கூரியர்காரர்களைக் குறை சொல்கிறேன் என்று யாரும் சண்டைக்கு வர வேண்டாம். வண்டியிலும் விமானத்திலும் இடம்தான் விலை, அது நியாயம். வாங்கும்போதே அளந்து சொல்லியிருக்கலாம் என்பதுதான் என் வருத்தம். “லாரி பார்சல் சர்வீஸில் போட்டிருக்கலாமே” என்பவர்களுக்கு: போட்டிருக்கலாம், நாள் இருந்திருந்தால். நிகழ்ச்சிக்கு ஒரு வாரம்தான் இருந்தது.

ரயிலில் அனுப்பலாம் என்றாலும் டெல்லி வண்டிக்கு நாங்கள் சேலம் ஜங்ஷன் வரை சுமக்க வேண்டும். சென்னை–சேலம் பாதையில் இருக்கும் மொரப்பூரிலிருந்து எங்கள் தர்மபுரிக்கு 1906-லேயே ரயில் ஓடியது. 1941-ல் அதை மூடினார்கள். புதிய பாதைக்கு 2019-ல் அடிக்கல் நாட்டினார்கள். சென்னை வண்டி பிடிக்க நாங்கள் இன்னும் பஸ் ஏறித்தான் மொரப்பூர் போகிறோம். பக்கத்துக் கிருஷ்ணகிரிக்கும் அப்போது ரயில் இருந்தது. இன்று அந்த மாவட்டத் தலைநகரில் ஸ்டேஷனே இல்லை. கேள்விக்குச் சம்பந்தம் இல்லைதான், ஆனால் சாமான் அனுப்புகிறவனுக்கு இது வயிற்றெரிச்சல்.

சரி, அடுத்த செட்டுக்கு என்ன செய்தேன் என்று சொல்கிறேன். கிரீடத்தை அளந்து, 60 × 40 × 35-க்குப் பெட்டியை வெட்டி ஒட்டினேன். கிரீடத்தின் குழிவுக்குள் பதக்கத்தைத் துணியில் சுற்றி வைத்தேன். புஜகீர்த்தி இரண்டும் தட்டையாக 50 × 40 × 15 பெட்டியில். முதலாவது 16.8 கிலோ, அடுத்தது 6. ஏறத்தாழ அதே சாமான். 54 போய் 23 கிலோவுக்குள் முடிந்தது. சில்லு ஒன்றுகூட உதிரவில்லை.

உயரத்தை இன்னும் கொஞ்சம் குறைத்துச் செய்யலாமா என்று அப்பாவிடம் கேட்டுப் பார்த்தேன். “ஏம்பா, பெட்டிக்காகவா அர்ச்சுனன் கிரீடம் கட்டுறான்?” என்றார். அதற்கு மேல் நான் கேட்கவில்லை.

நீங்கள் பெட்டி வாங்கும் முன் பொருளை அளந்து கணக்குப் போடுங்கள். கவுண்டரில் எதனால் வகுக்கிறீர்கள் என்று கேளுங்கள். டேப் வைத்து அளக்கச் சொல்லி, மூன்று அளவையும் பில்லில் எழுதி வாங்குங்கள். அவசரமாக இருந்தாலும் எழுதாமல் பெட்டியைக் கொடுத்துவிட வேண்டாம்.