தேவன் தம் உடன்படிக்கையைத் தாமே காப்பார் என்றால், சாதாரண மனுஷருடைய உண்மைக்கு வேதத்தில் என்ன இடம்?

இந்தக் கேள்வியை யாரும் சும்மா கேட்க மாட்டார்கள். பலன் கண்ணில் படாத ஏதோ ஒரு பொறுப்பை நீங்கள் சுமந்துகொண்டிருக்கிறீர்கள், "கர்த்தர் பார்த்துக்கொள்வார்" என்று நாலு பேர் சொல்லிவிட்டுப் போயிருக்கிறார்கள் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. நான் இறையியல் படித்தவள் அல்ல. ஆனால் இதற்கு என்னிடம் பதில் உண்டு.

அம்மா பக்கவாதத்தில் விழுந்த பிறகு திரும்பத் திரும்ப வாசிக்கச் சொன்னது ஏசாயா 46:4. "நரைவயதுமட்டும் நான் உங்களைத் தாங்குவேன்." படுக்கைப்புண் வராமலிருக்க இரவிலும் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை அவரைப் புரட்டிப் படுக்கவைக்க வேண்டும். தோளுக்கடியில் ஒரு கை, இடுப்புக்கடியில் ஒரு கை, முழங்கால்களுக்கு நடுவே தலையணை. பிறகு குதிகால் சிவந்திருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பார்ப்பேன். ஜெபிக்க வந்தவர்கள் விசுவாசம் இருந்தால் எழுந்து நடப்பார் என்றார்கள். அவர் எழவில்லை. ஆனால் கடைசிவரை முதுகில் ஒரு புண் வரவில்லை. அந்த வசனம் எங்கள் வீட்டில் நிறைவேறியது என்று யார் முன்னாலும் சொல்வேன். தாங்கியவர் தேவன், தூக்கிய கைகள் என்னுடையவை.

உடனே "கிரியைகளால் இரட்சிப்பு என்கிறீர்களா?" என்று யாராவது கேட்பார்கள். இல்லை. வாக்கு அவருடையது, அதை நான் சம்பாதிக்கவில்லை. அவர் அதை எப்படி நிறைவேற்றுகிறார் என்பதைத்தான் சொல்கிறேன்.

2 இராஜாக்கள் 11-ஐ எடுத்துப் பாருங்கள். தாவீதின் வீடும் ராஜ்யமும் என்றென்றைக்கும் நிலைத்திருக்கும் என்பது 2 சாமுவேல் 7-இல் தேவன் கொடுத்த வாக்கு. இறந்துபோன ராஜாவின் தாய் அத்தாலியாள் ராஜவம்சத்தாரையெல்லாம் கொன்றபோது மிஞ்சியது யோவாஸ் என்ற ஒரு கைக்குழந்தை. வானத்திலிருந்து அக்கினி இறங்கவில்லை. அத்தை யோசேபாள் அவனைக் களவாய் எடுத்து, தாதியோடு சயனவீட்டில் ஒளித்துவைத்தாள். பிறகு ஆறு வருஷம் ஆலயத்துக்குள்ளே மறைவான வாழ்க்கை. அழுதால் சமாதானப்படுத்தி, பசித்தால் ஊட்டி, சத்தம் வெளியே போகாமல் அந்தப் பிள்ளையை யாரோ வளர்த்திருக்க வேண்டும். தாவீதுக்குக் கொடுத்த வாக்கு அத்தனை நாளும் அந்தத் தாதியின் மடியில் இருந்தது. அவள் பெயரைக்கூட வேதம் சொல்லவில்லை.

ரூத்தின் கதையும் இப்படித்தான். செங்கடல் பிளக்கவில்லை, தூதன் வரவில்லை. ஒரு மருமகள் சாயங்காலம்வரை கதிர் பொறுக்கி, தட்டி அடித்து, மாமியாருக்குச் சாப்பாடு கொண்டுபோகிறாள். அந்த வழியில்தான் அவளுக்குத் தாவீதின் தாத்தா ஓபேத் பிறக்கிறான்.

சபைகளில் எலியாவின் அக்கினியைப் பற்றி எத்தனையோ பிரசங்கம் கேட்டாயிற்று. இந்தத் தாதியைப் பற்றி ஒன்றும் கேட்டதில்லை. சாட்சி நேரத்திலும் சுகமானவர்களைத்தான் கூப்பிடுகிறார்கள். சுகமாகாதவரை உடனிருந்து பார்த்துக்கொண்டவர்களுக்கு மைக் கிடைப்பதில்லை. அம்மாவின் அடக்க ஆராதனையில், வெளியூரிலிருந்து வந்த அண்ணனைத்தான் "தாயைக் கண்போலக் காத்த மகன்" என்று போதகர் சொன்னார். அண்ணன் பணம் அனுப்பினார், அதை மறுக்கவில்லை. ஆனாலும் போதகர் பேசுவதற்கு முன் வீட்டில் ஒரு வார்த்தை விசாரித்திருக்கலாம். கேள்விக்குச் சம்பந்தமில்லைதான், இருந்தாலும் எழுதாமல் இருக்க முடியவில்லை.

மனுஷர் உண்மை தவறினால் வாக்கு என்னவாகும் என்று அடுத்து கேட்பீர்கள். அதற்கும் யோவாசே பதில். தன்னைக் காப்பாற்றி ராஜாவாக்கிய ஆசாரியரும் யோசேபாளின் கணவருமான யோய்தாவின் தயையை மறந்து, அவர் மகன் சகரியாவையே கல்லெறிந்து கொல்லச் சொன்னான் (2 நாளாகமம் 24). அவனும் தன் ஊழியக்காரர் கையிலேயே செத்தான். அவனுக்குப் பிறகும் சிங்காசனத்தில் உட்கார்ந்தது தாவீதின் வம்சம்தான், அவன் மகன் அமத்சியா.