வாசகர் கேள்வி – பதில்: மொத்த வோல்ட்டை நம்பாதீர்கள்

கேள்வி: ரிமோட் விமானத்துக்கு வாங்கிய லைப்போ (லித்தியம் பாலிமர்) பேட்டரியின் மேல் '3எஸ், 2200 எம்ஏஹெச், 25சி' என்று இருக்கிறது. சார்ஜரில் எதை எப்படி வைப்பது?

பதில்: 3எஸ் என்றால் உள்ளே மூன்று செல்கள் தொடராக இணைந்திருக்கின்றன. ஒரு செல்லுக்கு 3.7 வோல்ட் என்று கணக்கிட்டு 11.1 வோல்ட் என்று அச்சடிப்பார்கள். முழுதாக ஏறியபின் ஒரு செல் 4.2 வோல்ட், மூன்றும் சேர்ந்து 12.6. அந்த 25சி சார்ஜ் செய்யும் வேகம் அல்ல, மோட்டாருக்குக் கொடுக்கக்கூடிய வேகம். சி என்பது கொள்ளளவின் மடங்கு. 2200 எம்ஏஹெச் (மில்லி ஆம்பியர் மணி) கொள்ளளவுக்கு 1சி என்பது 2.2 ஆம்பியர், அதை 25ஆல் பெருக்கினால் 55 ஆம்பியர் வரும். லேபிள்களில் இந்த எண்ணைத் தாராளமாகவே போடுகிறார்கள், பாதியை நம்பினால் போதும். சார்ஜுக்கு 1சி, அதாவது 2.2 ஆம்பியர். ஒரு மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதலாகவே ஆகும். கடைசிக் கட்டத்தில் சார்ஜர் மின்னோட்டத்தைப் படிப்படியாகக் குறைத்துவிடுவதுதான் காரணம்.

இணைக்கும் வரிசை முக்கியம். முதலில் வயரைச் சார்ஜரில் செருகுங்கள், பேட்டரி அதற்குப் பிறகு. மாற்றிச் செய்தால் வயரின் மறுமுனையில் திறந்து கிடக்கும் இரண்டு பின்களும் உரசி ஷார்ட் ஆகிவிடக்கூடும். அடுத்து நான்கு மெல்லிய வயர்கள் கொண்ட பேலன்ஸ் பிளக். திரையில் 'லைப்போ', 'பேலன்ஸ்', 3 செல், 2.2 ஆம்பியர் என்று வைக்கவும். சார்ஜர் தானாக எண்ணிக் காட்டும் செல் எண்ணிக்கை மூன்றாக இல்லையென்றால் அங்கேயே நிறுத்திவிடுங்கள். வகையைத் தேர்வதிலும் கவனம் தேவை. லைப்போ பேட்டரியை எல்ஐஹெச்வி (கூடுதல் வோல்ட் தாங்கும் லித்தியம் வகை) என்று வைத்தால் ஒவ்வொரு செல்லும் 4.35 வோல்ட் வரை ஏறும், தீப்பிடிக்கும் அபாயம் உண்டு. எப்போதும் பேட்டரியை விமானத்திலிருந்து வெளியே எடுத்து, செங்கல் அல்லது ஓட்டின் மீது வைத்து, பக்கத்தில் ஆள் இருக்கும்போது மட்டும் சார்ஜ் செய்யவும்.

கேள்வி: மீட்டரில் மொத்தம் சரியாகத்தானே காட்டுகிறது, பேலன்ஸ் பிளக் எதற்கு? அதைச் செருகாமலே சார்ஜ் ஆகிறதே?

பதில்: ஆகும், ஆபத்தும் அதில்தான். ஒரு செல் பின்தங்கி 4.05 வோல்ட்டில் நிற்கிறது என்று வையுங்கள். சார்ஜர் மொத்தத்தை மட்டும் பார்த்து 12.6 வரை ஏற்றினால், மற்ற இரண்டும் 4.275 வோல்ட்டுக்குப் போய்விடும். மீட்டரில் 12.6, எல்லாம் நலம்! சார்ஜ் இறங்கும்போதும் இதே கதைதான். மொத்தம் 10.5 என்றால் செல்லுக்கு 3.5 என்று நிம்மதியாக இருப்போம். உண்மையில் இரண்டு செல் 3.8இலும் ஒன்று 2.9இலும் இருக்கலாம். அந்த ஒன்று செத்துக்கொண்டிருக்கிறது.

பேலன்ஸ் வயர் இருந்தால் சார்ஜர் ஒவ்வொரு செல்லையும் தனியாக அளந்து, முந்திப்போன செல்லிலிருந்து கொஞ்சம் மின்சாரத்தை வடித்துவிடும். வடிக்கும் அளவு சிறிது என்பதால் நேரம் பிடிக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு முறை பறந்து இறங்கியபின்னும் அதே செல்தான் பின்தங்குகிறது என்றால் அது பேலன்ஸ் செய்து தீரும் கோளாறு அல்ல. அந்தப் பேட்டரிக்கு வயதாகிவிட்டது.

கேள்வி: மூன்று நிமிடத்திலேயே மோட்டார் அடங்கிவிடுகிறது. தரையிறக்கி அளந்தால் 11.3 வோல்ட் இருக்கிறது. ஈஎஸ்சி (மோட்டாரின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் கருவி) கெட்டுவிட்டதா?

பதில்: ஈஎஸ்சி தன் வேலையைச் சரியாகத்தான் செய்திருக்கிறது. நீங்கள் அளப்பது ஓய்வில் இருக்கும் வோல்ட். அது பார்ப்பது சுமையில் இருக்கும் வோல்ட். நல்ல செல்லின் உள்தடை 10 மில்லி ஓம் என்று கொள்வோம். 30 ஆம்பியர் இழுக்கும்போது செல்லுக்கு 0.3, மொத்தம் 0.9 வோல்ட் சரியும். பழசாகி உள்தடை 25 மில்லி ஓம் ஆகிவிட்டால் சரிவு 2.25 வோல்ட். 11.3இல் அதைக் கழித்தால் 9.05தான் மிச்சம், செல்லுக்கு ஏறத்தாழ 3 வோல்ட். ரிமோட் சிக்னலைப் பெறும் ரிசீவருக்கும், திசை திருப்பும் பலகைகளை அசைக்கும் சர்வோவுக்கும் மின்சாரம் மிஞ்சட்டும் என்று ஈஎஸ்சி மோட்டாரை நிறுத்துகிறது. அப்போது திராட்டிலை (மோட்டார் வேகத்தைக் கூட்டும் குச்சியை) அழுத்திக்கொண்டே இராமல், மூக்கைத் தாழ்த்தி வழுக்கியபடி இறக்குங்கள்.

சார்ஜரில் உள்தடை அளக்கும் வசதி இருந்தால் மூன்று செல்லையும் ஒப்பிடுங்கள். மூன்றும் ஒத்து, குறைவாகவும் இருந்து மோட்டார் அடங்கினால் புரொப்பெல்லரைச் சந்தேகிக்கலாம். ஓர் அங்குலம் பெரிதாகப் போட்டாலே மின்னோட்டம் எகிறும். வாட்மீட்டரை இடையில் இணைத்து, விமானத்தை இறுக்கிக் கட்டி, முழுத் திராட்டிலில் எத்தனை ஆம்பியர் என்று பார்த்தால் தெரிந்துவிடும்.

வோல்ட்டைவிட டைமர் நம்பகமானது. நான்கு நிமிடம் பறந்து இறங்கி, சார்ஜரில் திரும்ப எவ்வளவு ஏறியது என்று பாருங்கள். 1400 எம்ஏஹெச் என்றால் நிமிடத்துக்கு 350. பேட்டரியை முழுதும் காலி செய்யாமல் 80 சதவீதத்தோடு நிறுத்தினால் 2200இல் அது 1760, ஆக டைமரை ஐந்து நிமிடத்தில் வைக்கலாம்.

கேள்வி: பேட்டரி உப்பியிருக்கிறது. ஊசியால் குத்திக் காற்றை எடுக்கலாமா?

பதில்: கூடவே கூடாது. அது காற்று அல்ல, உள்ளிருக்கும் வேதிப்பொருள் சிதைந்து உண்டான வாயு. ஊசி உள்ளே ஷார்ட் செய்தால் கையிலேயே பற்றிக்கொள்ளும். இனி அதைச் சார்ஜ் செய்ய வேண்டாம். திறந்தவெளியில் 12 வோல்ட் பல்பு ஒன்றை இணைத்து முழுக்க வடியவிட்டு, பழைய பேட்டரி சேகரிக்கும் இடத்தில் கொடுத்துவிடுங்கள்.

கேள்வி: இரண்டு மாதம் பறக்கவிட முடியாது. முழுச் சார்ஜில் வைக்கட்டுமா?

பதில்: வேண்டாம். சார்ஜரில் 'ஸ்டோரேஜ்' என்று இருக்கும், செல்லுக்கு 3.8 முதல் 3.85 வோல்ட்டில் நிறுத்திவிடும். முழுச் சார்ஜும் வெயிலும் சேர்ந்தால் பேட்டரி சீக்கிரம் உப்பும். காலியாக வைத்தால் தானாக வடிந்து 3 வோல்ட்டுக்குக் கீழே போய்விடும், அதைப் பெரும்பாலான சார்ஜர்கள் ஏற்காது. விமானத்தில் இணைத்தபடியும் வைக்காதீர்கள். சுவிட்சை அணைத்திருந்தாலும் சில ஈஎஸ்சிகள் துளித்துளியாக உறிஞ்சிக்கொண்டே இருக்கும்.

கேள்வி: பிளக்கைச் செருகும்போது 'டப்'பென்று பொறி பறக்கிறது. கோளாறா?

பதில்: இல்லை. ஈஎஸ்சியிலுள்ள கெப்பாசிட்டர் ஒரே நொடியில் நிரம்புவதால் வருவது. தயங்காமல் ஒரே அழுத்தாகச் செருகுங்கள். ஆனால் அதற்கு முன் டிரான்ஸ்மிட்டர் ஆன் ஆகியிருக்க வேண்டும், திராட்டில் அடியில் இருக்க வேண்டும், புரொப்பெல்லருக்கு நேரே கை இருக்கக் கூடாது.