டிராப் செய்த ஸ்டாஷ் திரும்புமா?

அன்புள்ள எழுத்தாளருக்கு,

நிரலின் மாற்றங்களைப் பதிந்துவைக்கும் கிட் (Git) மென்பொருளில், பாதி வேலையை ஸ்டாஷ் செய்துவிட்டு, அதாவது தற்காலிகமாக ஒதுக்கிவைத்துவிட்டு, வேறு பிராஞ்சுக்கு (வேலையின் இன்னொரு கிளைக்கு) போயிருந்தேன். பழைய பிராஞ்சுக்கு வந்துவிட்டதாக நினைத்து அங்கேயே ஒதுக்கியதைத் திரும்ப எடுக்கும் ‘கிட் ஸ்டாஷ் பாப்’ கொடுத்துவிட்டேன். ஒரே கான்ஃபிளிக்ட், இரு பக்கத் திருத்தங்களும் மோதிக்கொண்டன. பயத்தில், கடைசியாகப் பதிந்த நிலைக்கே திருப்பும் ‘கிட் ரீசெட் --ஹார்ட்’ அடித்தேன். பிறகு பார்த்தால் ஸ்டாஷ் பட்டியலில் ஒன்று மிச்சமிருந்தது. ஏதோ பழைய குப்பை என்று அதையும் டிராப் செய்தேன் (நீக்கினேன்). இப்போது என் வேலை எங்கேயும் இல்லை. மீட்க வழி உண்டா?

ஒரு வாசகர்

அன்புள்ள வாசகருக்கு,

உண்டு. நீங்கள் குப்பை என்று தூக்கிப்போட்டதுதான் உங்கள் வேலை. கான்ஃபிளிக்ட் வந்தால் பாப் அந்த ஸ்டாஷை நீக்காது, பட்டியலிலேயே விட்டுவைக்கும்.

ஸ்டாஷ் என்பதும் உள்ளுக்குள் ஒரு கமிட்தான், அதாவது கிட் பதிந்துவைக்கும் ஒரு நிலை. டிராப் செய்தால் பட்டியலிலிருந்துதான் போகும். கமிட் ரெப்போவுக்குள் (கிட்டின் களஞ்சியத்துக்குள்) அப்படியே கிடக்கும். அதன் ஹாஷ், அதாவது அடையாளக் குறியீடு, கிடைத்தால் போதும். டெர்மினலை மூடவில்லை என்றால் மேலே போய்ப் பாருங்கள். ‘டிராப்ட்’ என்று தொடங்கும் வரியின் கடைசியில், அடைப்புக்குறிக்குள் இருக்கும். மூடிவிட்டீர்களா? சரி, ‘கிட் எஃப்எஸ்சிகே’ (git fsck) கொடுங்கள். ‘டேங்ளிங் கமிட்’ என்று சில வரிகள் வரும். ஒவ்வொன்றையும் ‘கிட் ஷோ’ போட்டுப் பாருங்கள். நீங்களாகச் செய்தி எதுவும் கொடுக்காமல் ஸ்டாஷ் செய்திருந்தால், ‘டபிள்யூஐபி ஆன்’ (WIP on) என்று தொடங்கி பிராஞ்ச் பெயரோடு இருப்பதுதான் அது.

கிடைத்ததும் அப்ளை செய்ய (இருக்கும் பிராஞ்சிலேயே எடுத்துப் போட) ஓடாதீர்கள். அதே கான்ஃபிளிக்ட் மறுபடி வரலாம். ‘கிட் ஸ்டாஷ் பிராஞ்ச்’ என்று அடித்து, ஒரு புதுப் பெயர், அப்புறம் அந்த ஹாஷ். எந்தக் கமிட்டின் மேல் ஸ்டாஷ் செய்தீர்களோ அங்கிருந்தே புது பிராஞ்ச் தொடங்கும். மோதுவதற்கு எதுவும் இருக்காது.

இதை இன்றே செய்யுங்கள். எதோடும் தொடர்பில்லாத இப்படிப்பட்ட கமிட்களை கிட் அவ்வப்போது பெருக்கித் தள்ளும். வழக்கமான அவகாசம் 2 வாரம். அதுவும் நீங்கள் டிராப் செய்த நாளிலிருந்து கணக்கு இல்லை, டிஸ்கில் அந்தக் கமிட்டைச் சேமித்துள்ள கோப்பின் தேதியிலிருந்து. பழைய ஸ்டாஷ் என்றால் சீக்கிரமே போய்விடலாம்.

எனக்குக் கவலை தருவது ரீசெட்தான். பாப் செய்வதற்கு முன் அந்த பிராஞ்சில் கமிட் செய்யாத வேறு மாற்றங்கள் இருந்தனவா? இருந்திருந்தால் ‘--ஹார்ட்’ அவற்றையும் துடைத்திருக்கும். ‘கிட் ஆட்’ கொடுத்து ஸ்டேஜ் செய்தவை (அடுத்த கமிட்டுக்குத் தயாராக வைத்தவை) ‘டேங்ளிங் பிளாப்’ என்று எஃப்எஸ்சிகேயில் தென்படலாம், கோப்பின் பெயர் இல்லாமல். அதுவும் செய்யவில்லை என்றால் எடிட்டரின் லோக்கல் ஹிஸ்டரிதான் கதி. இந்த மாதிரி நேரத்தில் ‘கிட் ரீசெட் --மெர்ஜ்’ மேல். பாப் கொண்டுவந்து போட்ட கான்ஃபிளிக்டைக் கலைத்துவிட்டு, மற்ற கோப்புகளில் நீங்கள் ஸ்டேஜ் செய்யாமல் வைத்திருக்கும் திருத்தங்களைத் தொடாமல் விடும்.

எனக்குப் பாப் பிடிப்பதில்லை. எடுத்துப் போடுவது, நீக்குவது என்று இரண்டு வேலையை ஒரே மூச்சில் செய்கிறது. நான் அப்ளை செய்து, ஓட்டிப் பார்த்து, கமிட் போட்ட பிறகுதான் டிராப் செய்வேன்.