பதில்: அட்லாண்டிக்கின் இரு கரையிலும் முதலை எப்படி?

ஆப்பிரிக்காவிலும் அமெரிக்காவிலும் முதலைகள் இருப்பது எப்படி என்று கேட்டிருந்தீர்கள். ஆப்பிரிக்காவும் தென் அமெரிக்காவும் பிரிந்தபோதே முதலைகளும் பிரிந்திருக்கும் என்றுதான் நீங்கள் நினைத்திருக்கிறீர்கள். கணக்கு இடிக்கிறது. கண்டங்கள் பிரிந்து ஏறக்குறைய 10 கோடி ஆண்டு ஆகிறது. நைல் முதலை, கியூபா முதலை எல்லாம் சேர்ந்த குரோகோடைலஸ் பேரினம் (நெருங்கிய உறவுள்ள இனங்களின் தொகுதி) அதைவிட மிக இளையது. ஆக, அவை கடலைக் கடந்துதான் போயிருக்க வேண்டும்.

நம்பச் சிரமம்தான். ஆனால் இந்தப் பேரினத்துக்கு நாக்கில் உப்பை வெளியேற்றும் சுரப்பிகள் உண்டு. உணவில்லாமலும் பல வாரம் தாங்கும். நிலநடுக்கோட்டை ஒட்டிய நீரோட்டமும் ஆப்பிரிக்காவிலிருந்து மேற்கே போகிறது. மரபணுப்படி பார்த்தாலும் நைல் முதலைக்கு நம்மூர்ச் சதுப்பு முதலையைவிட அமெரிக்க இனங்களே நெருங்கிய சொந்தம்.

லிபியாவில் கிடைத்த குரோகோடைலஸ் செக்கியாய் என்ற அழிந்துபோன முதலையின் மண்டையோட்டையும் பாருங்கள். வயது சுமார் 70 லட்சம் ஆண்டு. அமெரிக்க முதலைகளுக்கு இருப்பதுபோல மூக்கின் நடுவே ஒரு புடைப்பு. 2020இல் வந்த ஸ்கேன் ஆய்வு இதை இரு கரைக்கும் நடுவிலான இணைப்பாகவே வைக்கிறது.

அப்புறம், முதலையின் தூரத்துச் சொந்தமான அலிகேட்டரை இதில் சேர்க்காதீர்கள். அதற்கு அந்த உப்புச் சுரப்பி வேலை செய்யாது. சீன அலிகேட்டரின் முன்னோர் ஒருகாலத்தில் வட அமெரிக்காவையும் ஆசியாவையும் இணைத்த பெரிங் நிலப்பாலம் வழியாக ஆசியாவுக்கு வந்திருக்கலாம் என்பதே பரவலான கருத்து.