குருட்டு ஆற்றின் அடிமண்ணில் கன உலோக வரலாற்றைப் படிக்க முடியுமா?

ஓர் ஆற்றில் எந்தக் காலத்தில் எவ்வளவு கன உலோகம் கலந்தது என்பதை, அதன் பக்கத்திலுள்ள குருட்டு ஆற்றின், அதாவது ஆற்றிலிருந்து துண்டாகி ஏரியாகத் தங்கிய பழைய வளைவின், வண்டலைக் கொண்டு அறிய முடியுமா என்று கேட்டிருக்கிறீர்கள். அறியலாம்; ஆனால் எல்லாக் குருட்டு ஆறுகளும் அதற்கு உதவா.

நிலவியல் படித்தவன் என்ற முறையில் நான் முதலில் சுட்டுவது ஹங்கேரியின் டிசா ஆற்றை. அங்கு 1846இல் தொடங்கிய வெள்ளத்தடுப்புப் பணியில் நூற்றுக்கும் மேற்பட்ட வளைவுகளை வெட்டி ஆற்றை நேராக்கினார்கள். துண்டான வளைவுகள் ஏரிகளாகத் தங்கிவிட்டன. நம் பாடநூல் குருட்டு ஆறு என்பதை ஹங்கேரியர் 'செத்த கிளை' என்கிறார்கள். வெள்ளக் கரைகளுக்கு உள்ளே அகப்பட்ட ஏரியில் ஒவ்வொரு பெருவெள்ளமும் ஆற்றின் வண்டலை இறக்கிவிட்டுப் போகும். கரைக்கு வெளியே இருப்பதற்குப் பெரும்பாலும் வயல்களின் வடிநீரே வரும் என்பதால், ஆற்றின் கதையை முன்னதில்தான் தேட வேண்டும்.

அடியில் குழாயை இறக்கி எடுத்த மண் உருளையை ஓரிரு சென்டிமீட்டர் கனத்தில் நறுக்கி, ஒவ்வொரு துண்டிலும் ஈயம், துத்தநாகம், செம்பு, காட்மியம் ஆகியவற்றை அளப்பார்கள். காலத்தைச் சொல்வது கதிரியக்கம்: அடியிலிருந்து மேலே வரும்போது சீசியம்-137 முதலில் உச்சம் தொடும் படலம் அணுகுண்டுச் சோதனைகளின் 1963ஐயும், அடுத்த உச்சம் செர்னோபில் விபத்தின் 1986ஐயும் காட்டும். ஏறத்தாழ 22 ஆண்டு அரை ஆயுள் கொண்ட ஈயம்-210, சுமார் நூறாண்டு வரை பின்னோக்கிக் கணக்கிட உதவும்.

உலகம் அறிந்த பேரழிவே மண்ணிலும் பெரிதாகத் தெரியும் என்று எண்ண வேண்டாம். 2000 ஜனவரி 30 அன்று ருமேனியாவின் பாயா மாரேயில் அணை உடைந்து சுமார் 1,00,000 கன மீட்டர் சயனைடு கலந்த நீர் டிசா வரை பாய்ந்து மீன்களைக் கொன்றது. ஆனால் சயனைடு சிதைந்துவிடும், உலோகம் சிதையாது. அதே ஆண்டு மார்ச்சில் பாயா போர்ஷாவில் உடைந்த இன்னொரு சுரங்கக் கழிவு அணையின் சேறு, அவ்வளவாகப் பேசப்படாவிட்டாலும், வண்டலில் தங்கக்கூடியது.

துத்தநாகம் திடீரென உயர்ந்திருந்தால் உடனே ஆலையையோ சுரங்கத்தையோ குற்றம் சாட்டாமல், அந்தப் படலத்தின் துகள் அளவை முதலில் பாருங்கள். உலோகங்கள் மணலைவிட நுண்களிமண்ணில் அதிகம் ஒட்டுவதால், களிமண் மிகுந்த படலம் மாசே கூடாதபோதும் உச்சம் காட்டும். களிமண்ணின் அளவைக் காட்டும் அலுமினியத்தோடு விகிதம் எடுத்து ஒப்பிடுவது இதற்காகத்தான். உருளையின் அடிப்பகுதியை 'இயற்கை அளவு' என்று கொள்வதும் தவறு. வளைவு வெட்டப்பட்டபோது இருந்த ஆற்றுப்படுகை மணல் அது. டிசாவுக்கு நீர் தரும் மலைகளிலோ இடைக்காலம் தொட்டே பொன்னும் வெள்ளியும் தோண்டியிருக்கிறார்கள்.