பெந்தம் தாத்தாவுக்கு இரண்டு தலை

(தேவகோட்டை வாசகி ஒருவர் ஒரே கடிதத்தில் மூன்று கேள்வி அனுப்பியிருக்கிறார். இந்த வாரம் முழுக்க அவருக்கே.)

கேள்வி: லண்டனில் படிக்கும் என் மகன், கல்லூரியில் கண்ணாடிப் பெட்டிக்குள் ஒரு தத்துவஞானி உட்கார்ந்திருப்பதாகப் படம் அனுப்பினான். அது பொம்மையா, பிணமா?

பதில்: பாதிப் பாதி, அம்மா. படத்தில் பார்த்த முகம் மெழுகு. சட்டைக்குள்ளே இருப்பது நிஜ எலும்பு. ஜெரிமி பெந்தம் 1832 ஜூன் 6ஆம் தேதி, 84 வயதில் இறந்தார். தன் உடலை அறுத்துப் பாடம் நடத்த வேண்டும், பிறகு எலும்புக்கூட்டுக்குத் தன் துணியையே மாட்டி, தன் நாற்காலியிலேயே உட்கார வைக்க வேண்டும் என்பது அவர் விருப்பம். நண்பர் டாக்டர் சவுத்வுட் ஸ்மித் மூன்றாம் நாளே, வெளியே இடி இடிக்க, உடலை அறுத்துப் பாடம் நடத்தினார். பிறகு எலும்பைச் சுற்றி வைக்கோல் திணித்து, கோட்டு மாட்டி, கைத்தடியையும் கொடுத்தாயிற்று. கைத்தடிக்கு ‘டாப்பிள்’ என்று பெயர் வைத்திருந்தார் மனிதர்!

விசித்திரம் என்று சிரித்துவிடாதீர்கள். அந்தக் காலத்து இங்கிலாந்தில் அறுத்துப் படிக்கச் சட்டப்படி கிடைத்தது, தூக்கில் போட்ட கொலைகாரர்களின் உடல்தான். மிச்சமெல்லாம் கல்லறையில் திருடியவை. எடின்பரோவில் பர்க், ஹேர் என்ற இருவர் 1828இல் 16 பேரைக் கொன்றே விற்றார்கள்.

சொதப்பியது தலையில்தான். நியூசிலாந்தின் மவோரி மக்கள் செய்வதுபோல் தன் தலையைப் பதப்படுத்தச் சொல்லியிருந்தார். அவர்கள் மூளையையும் கண்களையும் எடுத்துவிட்டு, ஆவியில் வேகவைத்து, புகையில் வாட்டி, நாள்கணக்கில் வெயிலில் உலர்த்தி, சுறா எண்ணெய் பூசுவார்கள். முகத்தில் குத்திய பச்சை அப்படியே நிற்கும். ஸ்மித்தோ தலையைக் கந்தக அமிலத்துக்கு மேலே வைத்து, பம்பு போட்டுக் காற்றை உறிஞ்சினார். ஈரம் போயிற்று, கூடவே முகபாவமும் போயிற்று. கறுத்து, தோல் இறுகி, நண்பர்களே பயப்படுகிற மாதிரி ஆகிவிட்டது. அதனால்தான் மெழுகுத் தலை.

நான் 31 வருடம் அனாடமி வாத்தியார். ஸ்மித்தின் அவசரம் எனக்குப் புரிகிறது. எங்கள் அட்டெண்டர், பிணம் கெடாமலிருக்க, தொடை ரத்தக்குழாய் வழியே ஃபார்மலின் திரவத்தைச் சொட்டுச் சொட்டாக ஏற்றுவார். ஒருநாள் நேரமாகிறதே என்று நானே அழுத்தத்தைக் கூட்டினேன். முகம் பூசணிக்காயாக வீங்கிவிட்டது. “மாவடு ஒரே நாள்ல ஊறுமா சார்?” என்றார் அவர். ஸ்மித்துக்கு ஃபார்மலினும் இல்லை. அது திசுக்களைக் கெட்டிப்படுத்தும் என்று தெரிந்ததே 1893இல்தான்.

கேள்வி: அந்த நிஜத் தலையை மாணவர்கள் கால்பந்தாக உதைத்தார்களாமே?

பதில்: உதைத்தது கட்டுக்கதை. திருடியது நிஜம். 1975இல் போட்டிக் கல்லூரியான கிங்ஸ் காலேஜ் மாணவர்கள் தூக்கிக்கொண்டு போய், தர்ம காரியத்துக்கு 100 பவுண்டு கொடுத்தால் தருவோம் என்றார்கள். பேரம் 10 பவுண்டில் படிந்தது. தலை திரும்பி வந்தது.

கேள்வி: மவோரிகள் தங்கள் தலைகளை மியூசியங்களிடம் திருப்பிக் கேட்பது ஏன்? பெந்தம் இருக்கவில்லையா?

பதில்: பெந்தம் தானாக எழுதிக்கொடுத்தார். இவர்களை யார் கேட்டது? பெரியவர்களின் தலையை வீட்டார் பத்திரமாக வைத்திருந்து, விசேஷங்களில் எடுத்து வைத்து அழுவார்கள். எதிரிகளின் தலையும் உண்டு, மறைப்பானேன். ஐரோப்பியர்கள் துப்பாக்கி கொடுத்து வாங்க ஆரம்பித்ததும் எல்லாம் கெட்டது. விற்பதற்காகவே மவோரித் தலைவர்கள் தங்கள் அடிமைகளுக்குப் பச்சை குத்தி வெட்டினார்கள். 1831இல் ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் கவர்னர் டார்லிங் இந்த வியாபாரத்துக்குத் தடை போட்டார். ஆனாலும் பிற்பாடு ராப்ளி என்ற பிரிட்டிஷ் ராணுவ அதிகாரி முப்பதுக்கும் மேல் சேர்த்துவிட்டார். அதில் பெரும்பங்கை நியூயார்க் இயற்கை வரலாற்று மியூசியம் வாங்கியது.

அவை 2014இல் நியூசிலாந்துத் தலைநகர் வெலிங்டனில் உள்ள தே பாப்பா மியூசியத்துக்குத் திரும்பின. அங்கே காட்சிக்கு வைப்பதில்லை. வெளியார் நுழைய முடியாத புனித அறையில் வைத்துக்கொண்டு, எந்தத் தலை எந்தக் குலத்தாருடையது என்று தேடிக்கொண்டிருக்கிறார்கள்.