கால் வலிக்குக் கரண்ட் வைக்கலாமா? கொருக்குப்பேட்டை கேள்வி பதில்

போன ஞாயிறு மாலை எங்கள் தெருக்காரர்கள் கூடியபோது, பார்கின்சன் என்ற நடுக்க நோயும் தசை இழுப்பும் உள்ளவர்களுக்கு வரும் வலி பற்றிக் கேட்டார்கள். நான் டாக்டர் இல்லை, ஓய்வு பெற்ற பிசியோதெரபிஸ்ட். மாத்திரையைக் கூட்டவோ குறைக்கவோ சொல்ல மாட்டேன் என்று முதலிலேயே சொல்லிவிட்டுத்தான் உட்கார்ந்தேன்.

அப்பாவுக்கு ஆறு வருடமாகப் பார்கின்சன். விடியற்காலையில் இடது கால் விரல்கள் மடங்கி இழுத்துக்கொள்கின்றன, வலியில் அலறுகிறார். பத்து நாள் தோலில் பட்டை ஒட்டிக் கரண்ட் வைத்தோம். வைக்கும்போது சுகம், மறுநாள் பழையபடி. முதுகில் மெஷின் வைக்கலாமா சார்? (தண்டையார்பேட்டை)

விடியற்காலை என்றீர்களே தம்பி, பாதி பதில் அதிலேயே இருக்கிறது. ராத்திரி போட்ட லீவோடோபா, அதாவது பார்கின்சன் மாத்திரை, அந்த நேரத்துக்குத் தீர்ந்துபோயிருக்கும். மருந்தின் வேகம் இறங்கினால் தசை முறுக்கிக்கொள்ளும், டிஸ்டோனியா என்பார்கள். இதற்கு எடுத்த எடுப்பில் மெஷின் வேண்டாம். ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்குங்கள். மாத்திரை போட்ட நேரம், வலி வந்த நேரம், விட்ட நேரம், மூன்றையும் ஒரு வாரம் எழுதுங்கள். மாத்திரை போட்டு அரை மணி, ஒரு மணி நேரத்தில் வலி விட்டால் அது மருந்து நேரத்தைச் சேர்ந்த வலி. நியூரோ டாக்டர் ராத்திரி மாத்திரையை மாற்றிப் பார்ப்பார், இல்லையென்றால் கால் தசையில் அதைத் தளர்த்தும் போட்டுலினம் ஊசி போடுவார்.

புரதம் மாத்திரையைத் தடுக்கும் என்கிறார்களே, அப்போ மீன் குழம்பு சாப்பிடக் கூடாதா? (காசிமேட்டு அக்கா)

தாராளமாகச் சாப்பிடலாம். மாத்திரையோடு சேர்த்துத்தான் வேண்டாம். புரதமும் லீவோடோபாவும் குடலில் ஒரே வழிக்குப் போட்டி போடும். சாப்பாட்டுக்கு அரை மணி முன்னால், இல்லையென்றால் ஒரு மணி கழித்து மாத்திரை.

கரண்ட் வைத்தால் வலி எப்படிக் குறைகிறது?

நம் ரயில்வே கேட்டை நினைத்துக்கொள்ளுங்கள். தண்டுவடத்தில் அப்படி ஒரு கேட் இருப்பதாக மெல்சாக், வால் என்ற இரண்டு பேர் 1965இல் சொன்னார்கள். தொடு உணர்ச்சியைக் கொண்டுபோகும் தடித்த நரம்புகளைத் தூண்டினால், மெல்லிய நரம்புகளில் வரும் வலிக்குக் கேட் மூடும். 1967இல் ஷீலி என்ற அமெரிக்க அறுவை மருத்துவர் தண்டுவடத்தருகே மின்முனை வைத்து அதைச் செய்து பார்த்தார். தோலில் ஒட்டும் டென்ஸ் பட்டைக்கும் அடிப்படை இதுதான். நம் கேட் மூடினால் திறக்காது. இந்த கேட் கரண்டை நிறுத்தியதும் கொஞ்ச நேரத்தில் திறந்துகொள்ளும்.

முதுகில் வைக்கும் மெஷினும் மூளையில் வைப்பதும் ஒன்றா?

இல்லை. மூளையில் வைப்பது டி.பி.எஸ்., மூளைக்குள் ஆழத்தில் மின்முனை வைத்துத் தூண்டுவது. பிரான்ஸில் பெனபிட் என்ற மருத்துவர் 1987இல் நடுக்கத்துக்கு வைத்துக் காட்டியது. நடுக்கம், விறைப்பு, மருந்தின் வேகம் இறங்கும்போது வரும் இழுப்பு வலி இவை குறையும். இடுப்பில் நசுங்கிய நரம்பின் வலி அதில் போகாது. முதுகில் வைப்பது, ஷீலி செய்த மாதிரி தண்டுவடத்தருகே மின்முனை வைப்பது, வலிக்கானது: முதுகு ஆபரேஷனுக்குப் பிறகும் விடாத கால் வலி, சர்க்கரையால் வரும் எரிச்சல் மாதிரி. பார்கின்சன்காரர்கள் சிலருக்கும் வைத்துப் பார்த்திருக்கிறார்கள். வலி குறைந்தவர்கள் உண்டு. நடை சரியாகும் என்று யாராவது உறுதி கொடுத்தால் எழுந்து வந்துவிடுங்கள்.

முதலில் ஊசி வழியாக மின்முனையை உள்ளே விட்டு, பேட்டரியை வெளியே வைத்து ஏறக்குறைய ஒரு வாரம் பார்ப்பார்கள். வலி பாதியாவது குறைந்தால்தான் நிரந்தரமாகப் பொருத்துவது. செலவு லட்சங்களில். முதலமைச்சர் காப்பீட்டில் வருமா என்று கையெழுத்துப் போடுமுன் கேளுங்கள். கம்பி நகரலாம், சீழ் பிடிக்கலாம், இதையும் கேளுங்கள்.

என் வீட்டுக்காரருக்கு டி.பி.எஸ். இருக்கிறது. முட்டி வலிக்குக் கிளினிக்கில் சூடு வைக்கலாமா? (பெரம்பூர்)

அம்மா, இதை மட்டும் மறக்காதீர்கள். ஷார்ட்வேவ் டயாதெர்மி என்ற அந்தச் சூடு கூடவே கூடாது. முட்டியில் வைத்தாலும் சக்தி கம்பி வழியே ஏறி, மின்முனை இருக்கும் இடத்தில் மூளைத் திசுவைச் சுட்டுவிடும். முதுகு மெஷின் உள்ளவர்களுக்கும் இதே தடை. எம்.ஆர்.ஐ. என்றாலும் எந்த மாடல் என்று பார்த்துத்தான். மெஷின் அட்டையைச் சட்டைப் பையிலேயே வைத்திருக்கச் சொல்லுங்கள்; கிளினிக்கில் எல்லாரும் கேட்டுவிட்டுத்தான் வைப்பார்கள் என்று நம்பாதீர்கள்.

கால் விரல்கள் தானாக நெளிகின்றன, பாதம் எரிகிறது. பார்ப்பவர்கள் பேய் என்கிறார்கள். (வியாசர்பாடி)

பேய் எல்லாம் இல்லை. வலிக்கும் கால், நெளியும் விரல் என்றே இதற்கு ஒரு பெயர் உண்டு, 1971இல் பிரிட்டன் மருத்துவர்கள் எழுதியது. அபூர்வம்தான். காலுக்கு வரும் நரம்போ அதன் வேரோ பழுதானதால் வருவது உண்டு. சர்க்கரை பாருங்கள், வைட்டமின் பி12 பாருங்கள். மெட்பார்மின் என்ற சர்க்கரை மாத்திரையை வருடக் கணக்கில் போடுகிறவர்களுக்கு பி12 குறையலாம். டென்ஸ் சிலருக்குக் கேட்கிறது, பார்க்கலாம். பேஸ்மேக்கர் இருந்தால் வேண்டாம். கழுத்தின் முன்பக்கம், மரத்துப்போன தோல், புண் மேல் ஒட்டக் கூடாது.

நீங்கள் கரண்ட் வைத்துத் தப்பாகப் போனது உண்டா?

உண்டு. தோள்பட்டை இறுகிய ஒருவருக்கு மூன்று வாரம் வைத்தேன், அசையவே இல்லை. அவர் நடக்கும்போது அந்தக் கை வீசாமல் தொங்கியதைப் பார்த்தும் யோசிக்கவில்லை. ஒரு வருடம் கழித்து அதே கையில் நடுக்கத்தோடு வந்தார். பார்கின்சன் முதலில் தோள்பட்டை வலியாக வருவது உண்டு. அப்புறம் நான் யாருக்கும் கரண்ட் வைக்குமுன் நான்கு அடி நடக்கச் சொல்லிப் பார்த்தேன்.

எங்கே போவது சார்?

நமக்கு ஸ்டான்லி ஆஸ்பத்திரி பக்கம், இல்லையென்றால் சென்ட்ரல் எதிரே ஜி.எச். காலையிலேயே போய் ஓ.பி. சீட்டுப் போடுங்கள். பழைய சீட்டு, மாத்திரை அட்டை எல்லாம் ஒரு பையில். அந்த நோட்டும்.